வசவு நாற்று

கரட்டுப்புதூரில் தக்காளி நாற்றுக்குத் தண்ணீரும் வெளிச்சமும் போக ஒரு ஆளின் மனம் நோகவும் வேண்டும் என்பது இப்போது பால்வாடிக்குப் போகும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதிதான், ஆனால் அது தெரியாமல் இருந்த காலமும் உண்டு, அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைப் போலவே நிழல்வலைப் பந்தலுக்குள் குழித்தட்டுகளைப் பரப்பி, தேங்காய் நார்த்தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, பூவாளியால் தண்ணீர் தெளித்து, முளைத்தால் மலைமேல் இருக்கிற முருகனுக்கும் முளைக்காவிட்டால் விதைக் கடைக்காரனுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார்கள்.

பிறகு வெள்ளை ஈ வந்தது. செடியைத் தொட்டால் சாம்பலை ஊதிவிட்டாற்போல் எழுந்து, தொட்ட கையை எடுப்பதற்குள் மறுபடியும் இலைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த ஈ, நாற்றாக இருக்கும்போதே இலையைச் சுருட்டிவிட்டுப் போனது, சுருண்ட நாற்றை நட்டவர்கள் பூவைப் பார்த்தார்களே தவிரக் காயைப் பார்க்கவில்லை. வேளாண்மை ஆபீசிலிருந்து வந்தவர் பந்தலுக்குள் நுழையாமல் வரப்பிலேயே நின்று சொன்னார்.

"நாத்தை வீட்டுக்குள்ள வச்சு வளத்துங்க. ஜன்னலைச் சாத்திருங்க. இலைக்கு நாலு விரக்கடை மேல டியூப்லைட்டைக் கட்டித் தொங்க விடுங்க. வீட்டுக்குள்ள காத்து இருக்காது, காத்துல ஆடாத தண்டு பருக்காது, அதனால தெனமும் கையால மெதுவாத் தடவிக் குடுங்க."

"புள்ளையத் தடவுற மாதிரியா சார்?" என்று கேட்டான் நாச்சிமுத்து. எதைச் சொன்னாலும் அதில் ஒரு சிரிப்பைத் தேடுகிற ஆள் அவன்.

"ஆமா, அப்படித்தான்."

"எங்க வீடுகள்ல புள்ளையவே யாரும் தடவுறதில்லையே சார்."

எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்க் கட்டிலையும் பீரோவையும் டிவியையும் தூக்கி வாசலில் போட்டுவிட்டு அறைகளைத் தட்டுகளுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆடி மாதம் முழுக்க மலைக்காற்று வாசலில் படுத்திருந்தவர்களின் போர்வையைப் பறித்துக்கொண்டு போக, நாற்றுகள் மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் போல உள்ளே, ஜன்னல் சாத்திய அறையில், வெள்ளை வெளிச்சத்தில் இருந்தன. ஆனாலும் தேறவில்லை. டியூப்லைட்டைத் தேடித் தேடி நெட்டையாக வளர்ந்து, வெளிறி, தைக்கிற நூலுக்குமேல் கனம் இல்லாமல், இரண்டு இலையைத் தாங்க முடியாமல் கழுத்து மடங்கிப் பக்கத்து நாற்றின் மேல் சாய்ந்தன. தடவிக் கொடுத்தவர்கள் கையோடு அவை வந்தன.

வீரக்காள் வீட்டிலும் அப்படித்தான். அவள் வீட்டில் தட்டுகள் இருந்தது மகன் தண்டபாணியும் மருமகள் அழகுநாச்சியும் படுக்கிற அறையில், அழகுநாச்சி சீராகக் கொண்டுவந்த கட்டிலின் மேலேயே பலகை போட்டு அடுக்கியிருந்தார்கள். அழகுநாச்சி அதிகம் பேசமாட்டாள். ஊர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. அவள் மகள் செவ்வந்திக்கு மூன்று வயது முடிந்திருந்தது, காது நன்றாகக் கேட்டது, எறும்பு போகிற வழியெல்லாம் கூடவே போய்ப் பார்த்தாள், யார் தூக்கினாலும் சிரித்தாள், ஆனால் இன்னும் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. இத்தனை நாள் வாய்க்குள் இடத்தைக் காலியாக வைத்திருக்கிற பிள்ளை என்றைக்காவது ஒரு சொல்லை எடுத்து அங்கே உட்கார வைக்கும், அது எந்தச் சொல்லாக இருந்தாலும் அதன்மேல்தான் மற்றதெல்லாம் ஏறி நிற்கும் என்று அழகுநாச்சி நம்பினாள். அதனால் பிள்ளை காதுபட அவள் நல்ல சொற்களை மட்டுமே சொன்னாள். இது தண்ணி, இது இலை, இது காக்கா, இது அம்மா. மாமியார் வாயைத் திறக்கப்போகிறாள் என்று தெரிந்தால் பிள்ளையை வெளியே விட்டு, கதவைச் சாத்தி, திரும்பி வந்து எதிரே நின்றுகொள்வாள். பதில் சொல்லமாட்டாள், சொல்லிப் பழகினால் ஒருநாள் பிள்ளை முன்னாலும் வந்துவிடும்.

அன்றைக்கும் பிள்ளையை வெளியே விட்டுவிட்டுத்தான் நின்றாள்.

"லைட்டைப் போட்டியாடி?"

"கரண்ட் இல்ல அத்தை. இப்பத்தான் வந்துச்சு."

"கரண்ட் வந்து ஊரே காப்பி குடிச்சாச்சு. ஒங்கப்பன் வீட்டுல லைட்டுன்னு ஒண்ணு எரிஞ்சிருந்தாத்தான ஒனக்கு சுவிட்சு எங்க இருக்கும்னு தெரியும்." வீரக்காள் சாய்ந்து கிடந்த நாற்றுகளைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "நீ காலெடுத்து வச்ச நாள்ல இருந்து இந்த வீட்டுல எது நிமிந்து நின்னுருக்கு, இது நிக்கிறதுக்கு?"

அழகுநாச்சி எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கினாள், விழுங்கியபோது அவளுக்குப் பக்கத்திலிருந்த தட்டில் புதுப் புடவையை மடிக்கும்போது கேட்கிற சத்தம் எழுந்தது. நாற்றுகள் நிமிர்ந்தன. நூலாக இருந்த தண்டு தீக்குச்சிக் கனத்துக்குப் பருத்து, அடியில் ஊதா நிறம் ஏறி, மேலெல்லாம் வெள்ளை மயிர் படர்ந்து, சாய்ந்திருந்த இலைகள் இரண்டு பக்கமும் கையை விரித்தாற்போல் விரிந்தன. வீரக்காள் அதிசயப்படவில்லை. குழம்பில் உப்புப் போட்டு ருசி பார்த்தவள் இன்னும் கொஞ்சம் போடுவதைப் போல, அடுத்த தட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொன்று சொன்னாள்.

"புள்ளையத்தான் வாயில்லாமப் பெத்த, நீயாவது வாயைத் தொறந்து சொல்லக்கூடாதா?"

அடுத்த தட்டும் எழுந்தது, முதல் தட்டைவிட வேகமாக.

மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்த தண்டபாணி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கே, என்ன மருந்தும்மா அடிச்ச?" என்றான்.

"என் வாய்தாண்டா" என்றாள் வீரக்காள். அவன் சோற்றுக்கு உட்கார்ந்தான்.

பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் சாயங்காலமே வந்து பார்த்தாள், விளக்கு வைப்பதற்குள் ஊருக்குத் தெரிந்தது, மறுநாள் கரட்டுப்புதூரில் வாழ்க்கையில் கேட்காத வசவெல்லாம் கேட்டது. புருஷன் பெண்டாட்டியை வைதான், பெண்டாட்டி கொழுந்தனை வைதாள், அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வைதுகொண்டார்கள், பொன்னுத்தாய் தன் புருஷன் சடையாண்டியை நாற்றுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார வைத்து, கல்யாணத்தன்று அவன் வேட்டி அவிழ்ந்ததிலிருந்து தொடங்கினாள். அவன் அவள் தம்பியின் கதையிலிருந்து பதிலுக்குத் தொடங்கினான். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். நாற்று அசையவே இல்லை. வாத்தியார் பரமகுரு தன் வீட்டு நாயை நல்ல தமிழில் திட்டிப் பார்த்தார், அது வாலை ஆட்டியது.

ஏன் அங்கே மட்டும் ஆகிறது என்று மந்தையில் கூடிப் பேசினார்கள். தண்ணீரா, நார்த்தூளா, கட்டிலின் மரமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்ல, பொன்னுத்தாய்தான் கண்டுபிடித்தாள்.

"நாமெல்லாம் வாங்குனதை அங்கேயே திருப்பிக் குடுத்துர்றோம். அவ குடுக்க மாட்டேங்குறா. உள்ளுக்குள்ளயே வச்சுக்கிர்றா. நாத்து அதைத்தான் குடிக்குது."

"அப்ப வாய் பேசாத புள்ள ஒண்ணு இருக்கே அந்த வீட்டுல" என்றான் நாச்சிமுத்து. "அதுக்குப் பதில் சொல்லவே தெரியாது. அதை உக்கார வச்சா வேலை சுளுவுல்ல?"

அவன் சிரிப்புக்காகத்தான் சொன்னான், ஆனால் ஒரு நிமிஷம் யாரும் சிரிக்கவில்லை, யோசித்தார்கள். வீரக்காள்தான் பதில் சொன்னாள். "அது சிரிக்கும்டா. என்ன வஞ்சாலும் கைதட்டும். அதுக்கு நோகுற எடம் இன்னும் மொளைக்கல."

இந்தப் பேச்சு அன்றைக்கே அழகுநாச்சியிடம் வந்து சேர்ந்தது. மறுநாள் நாலு பெரிய மனிதர்கள் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஊர்த் தட்டுகளை அங்கே கொண்டுவந்து அவளை வையச் சம்மதமா என்று அவர்கள் கேட்கவில்லை, காலையில் தோதுப்படுமா சாயங்காலம் தோதுப்படுமா என்றுதான் கேட்டார்கள். அவள் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கல்யாணமாகி வந்ததிலிருந்து ஊர் முன்னால் பேசாத அளவுக்கு நீளமாகப் பேசினாள்.

"என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. எம்புள்ள அந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. உள்ள பேசுறது ஒரு வார்த்தைகூட அது காதுல விழுகக்கூடாது. விழுந்துச்சுன்னா நான் வாயைத் தொறந்து பதில் சொல்லிருவேன்."

நியாயமான பேச்சு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், ஒப்புக்கொண்டதைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்தார்கள், கரட்டுப்புதூர்க்காரர்கள் சொன்ன சொல் தவறுகிறவர்கள் இல்லை. அறைக் கதவுக்கு உள்பக்கம் கோணிச் சாக்கு அடித்தார்கள். வாசலில் தட்டோடு காத்திருப்பவர்கள் முறைபோட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டார்கள். யாரும் உள்ளே போய் உடனே ஆரம்பித்துவிடுவதில்லை, அது மரியாதை இல்லை. கதவைத் திறந்து, நிலையில் ஒரு கையை வைத்து, கட்டில் ஓரம் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து, "தப்பா நெனச்சுக்காதத்தா, நாத்துக்காகத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார்கள். முடிந்து வரும்போது முறுக்கோ, ஒரு முழம் மல்லிகையோ, தோட்டத்தில் விளைந்த பாகற்காயோ அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வருவார்கள். பொன்னுத்தாய் ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவருவாள், அதைக் குடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் குடித்து முடித்த பிறகு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, அழகுநாச்சியின் தங்கச்சி நல்ல இடத்தில் வாழ்வதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுவாள். பொன்னுத்தாய் தட்டுகள்தான் ஊரிலேயே நன்றாக வந்தன.

போகப்போக ஊர் அந்த வேலையின் நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டது. ஆண்கள் கெட்ட வார்த்தையில் கத்தினால் இலை ஆடுமே தவிரத் தண்டு பருக்காது, பெண்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னால் வேர் வரைக்கும் போகும். இல்லாததைச் சொன்னால் பிடிக்காது. இருக்கிறதைப் பாதி சொல்லி நிறுத்தினால் நன்றாகப் பிடிக்கும். பரமகுரு வாத்தியார் முதல் நாள் முழுப்பக்கத்துக்கு எழுதி மனப்பாடம் செய்துவந்ததை ஒப்பித்தபோது ஒன்றும் ஆகவில்லை, வெட்கத்தோடு தட்டை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, "நீ எட்டாவதுல கணக்குல நூத்துக்கு நூறு, இல்ல? எல்லாம் எதுக்கு ஆச்சு" என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார், அவர் கையிலிருந்த தட்டு கனத்துவிட்டது. ஒட்டன்சத்திரம் சந்தையில் கரட்டுப்புதூர்த் தக்காளி என்றால் தனிக் குவியல், கீழே விழுந்தால் உடையாது, மலையாளத்துக்கு லாரியில் போய் இறங்கினாலும் காம்பு வாடாது. பக்கத்து ஊர்க்காரர்களும் தட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். "வசவு நாத்து வீடு எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார்.

அழகுநாச்சி எல்லாவற்றையும் விழுங்கினாள், சாயங்காலம் கதவைத் திறந்து வெளியே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போய், இது கன்னுக்குட்டி, இது வாலு, இது நிலா என்று சொல்லிக் கொடுத்தாள். செவ்வந்தி சிரித்தாள், பேசவில்லை. அந்த வாய் இன்னும் காலியாக இருக்கிறது என்பதில் அழகுநாச்சிக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

இரண்டாவது வருஷம் நாற்று மெலிந்தது. சொன்னதையே எத்தனை நாள் சொல்லுவது, அப்பன் வீட்டு ஏழ்மையும் அவள் நிறமும் அவள் வைக்கிற ரசமும் அவளுக்குப் பழகிவிட்டன, கேட்டுக்கொண்டே கட்டிலில் கொத்தமல்லி ஆய்ந்தாள். ஊர் மறுபடி மந்தையில் கூடியது. பிள்ளையின் வாயைப் பற்றிப் பேசுவதை அதுவரை வீரக்காளைத் தவிர மற்றவர்கள் தவிர்த்திருந்தார்கள், அதற்கு ஒரு கூச்சம் இருந்தது. பிள்ளை காதில் விழக்கூடாது என்றுதானே அவள் சொன்னாள், பிள்ளையைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லவில்லையே என்று யாரோ எடுத்துக் கொடுக்க, கூச்சம் தீர்ந்தது. அந்தப் பேச்சு அந்த வருஷத்தைத் தாங்கியது. ஊமைக்குத் தாய் என்றார்கள், உன் பாவம்தான் அதன் நாக்கைப் பிடித்து வைத்திருக்கிறது என்றார்கள், நாற்று சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது. அடுத்த வருஷம் அதுவும் பழகிவிட்டது.

அன்று காலை அறையில் இருந்தது பொன்னுத்தாய். என்னென்னவோ சொல்லிப் பார்த்துக் களைத்து, "ஒனக்கு ஒறைக்கவே மாட்டேங்குதுடி, நான் என்னதான் செய்ய" என்று உண்மையிலேயே அழுகிற குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் பிள்ளையை வைத்திருந்த நாச்சிமுத்து பீடி பற்றவைக்கக் கையை எடுத்தான். கதவு திறந்தது. செவ்வந்தி நின்றாள். நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டாள், எட்டாத உயரத்துக்குக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு, தினமும் எல்லோரும் நிற்கிறபடியே நின்று, அம்மாவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

"தப்பா நெனச்சுக்காதத்தா."

வசவு ஒன்றுகூட அவள் காதில் விழவில்லை. ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தது. கதவுக்கு வெளியே சொல்லப்பட்ட மரியாதையை மட்டும்தான் அவள் கேட்டிருந்தாள், அதுதான் அம்மாவைப் பார்த்துச் சொல்ல வேண்டிய சொல் என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

அழகுநாச்சியின் கையிலிருந்த கொத்தமல்லி கீழே விழுந்தது. அறையில் இருந்த தட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன, குழியை உடைத்துக்கொண்டு வேர் வெளியே வந்தது, வாசலில் காத்திருந்தவர்களின் தலைமேலிருந்த தட்டுகள் கனத்து அவர்கள் கழுத்து அமுங்கியது, தெருமுனையில் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த தட்டுகளில் நாற்று பூவே வைத்துவிட்டது.

"பேசிருச்சு! புள்ள பேசிருச்சு!" என்று பொன்னுத்தாய் கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஊர் நிஜமாகவே சந்தோஷப்பட்டது. பிள்ளையைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்கள், வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டார்கள், வீரக்காள் முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டாள், பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் அழகுநாச்சியின் கன்னத்தை வழித்து, "ஒங்கவலை தீந்துச்சுத்தா" என்றார்கள். அவர்கள் அதைச் சொல்லச் சொல்ல நாற்று இன்னும் பருத்தது.

மறுநாள் காலையில் வீரக்காள் பேத்திக்குத் தலைசீவிப் பவுடர் போட்டு அறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"அத்தை, வேணாம். சொல்லியிருக்கேன்ல."

"என்ன சொன்ன? வசவு காதுல விழுகக்கூடாதுன்ன. விழுகல. இங்க யாரும் வையவே போறதில்ல இனிமே. புள்ள மரியாதையா ரெண்டு வார்த்தை சொல்லுது, அதுக்கும் கேடா?" பேத்தியிடம் குனிந்து, "சொல்லு தங்கம்" என்றாள்.

செவ்வந்தி சொன்னாள். நாச்சிமுத்து ஒரு மிட்டாய் கொடுத்தான்.

அன்றிலிருந்து அவள் நிறைய சொற்களைக் கற்றுக்கொண்டாள், தண்ணி, இலை, காக்கா, நிலா எல்லாம் உள்ளே இருந்திருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஆனால் எல்லாவற்றையும் அந்த நிலையில் கைவைத்து நின்றுதான் சொன்னாள், சொல்லிவிட்டு மிட்டாய்க்காகத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா" என்று அவள் முதன்முதலில் கூப்பிட்டதும் அங்கே நின்றுதான். அன்றைக்குப் பக்கத்து ஊர்த் தட்டுகள் அத்தனையும் தேறின.

பதில் சொல்லிவிடுவேன் என்று அழகுநாச்சி ஒருகாலத்தில் சொல்லியிருந்தாள். இப்போது யாருக்குப் பதில் சொல்வது, பிள்ளைக்கா? அவள் பல நாள் யோசித்தாள், யோசித்து, நாற்று வேலை தெரிந்த ஒருத்திக்கு மட்டும் தோன்றக்கூடிய ஒரு முடிவுக்கு வந்தாள். நடுவதற்கு முன்னால் நாற்றை வாட்டுவது என்று ஒன்று உண்டு. இதுவரை சொகுசாக வளர்ந்ததைத் தோட்டத்து வெயில் தாங்க வைப்பதற்குத் தண்ணீரைக் குறைப்பார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் செத்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினால் கெட்டிப்படும், அப்புறம் எந்த வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. பிள்ளையின் குரல் தன்னை நோகடிக்காமல் போனால் பிள்ளையை யாரும் அந்த வாசலில் நிறுத்தமாட்டார்கள். பிள்ளை பிழைத்துவிடும்.

அவள் முதலில் சாயங்காலப் பேச்சை நிறுத்தினாள். தொழுவத்துப் பக்கம் போவது நின்றது. பிறகு சுவரைப் பார்த்துப் படுக்கப் பழகினாள். பிறகு கூப்பிட்டால் முதல் கூப்பாட்டுக்குத் திரும்பாமல் இருக்கவும், அது கைவந்ததும் இரண்டாவதுக்குத் திரும்பாமல் இருக்கவும் பழகினாள். தலை சீவுவதையும் சோறு ஊட்டுவதையும் மாமியாரிடம் விட்டாள். பிள்ளை படியில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றபோது, அடுத்த தெருப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அரிசியில் கல் பொறுக்கினாள், பொறுக்கிய கல்லோடு அரிசியும் கீழே போனது, அடுத்த முறை அரிசி போகவில்லை.

"புள்ள கூப்புடுதுல்ல?" என்றான் தண்டபாணி.

"கூப்புடட்டும்."

"என்னடி செஞ்சுக்கிட்டு இருக்க நீ?"

"வாட்டுறேன்."

அவன் அறைக்குள் எட்டித் தட்டுகளைப் பார்த்தான். "அதுக்கு இன்னும் நாள் கெடக்குடி. இப்பத்தான் மூணாவது இலை விட்டுருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாற்று மெலியத் தொடங்கியது. முதலில் ஓரத்துத் தட்டுகள் சாய்ந்தன, பிறகு நடுவில் இருந்தவை. ஊர் கவலைப்பட்டது, டியூப்லைட்டை மாற்றியது, பிள்ளைக்குப் புதுச் சொற்கள் சொல்லிக்கொடுத்துப் பார்த்தது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை செவ்வந்தி நிலையில் கைவைத்து, "அம்மா" என்றாள், ஊரே வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, கட்டிலில் இருந்தவள் திரும்பவில்லை, அவளைச் சுற்றியிருந்த தட்டுகளில் ஒரு நாற்றுகூட அசையவில்லை, மெல்ல மெல்ல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து படுத்தன. அழகுநாச்சி தன் உள்ளுக்குள் தேடிப் பார்த்தாள். வலி இல்லை. எங்குமே இல்லை. முடிந்தது என்று நினைத்தாள், மூன்று வருஷத்தில் முதல்தடவையாக அவள் தோள் தளர்ந்தது.

"அம்மா" என்றாள் செவ்வந்தி மறுபடி.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து தட்டுகளைத் தூக்கக் குனிந்தது. "அவ்வளவுதாம்ப்பா. பந்தலுக்கே போவோம், ஈ தின்னது போக மிச்சம்" என்றார் பரமகுரு. நாச்சிமுத்து மிட்டாயைச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டான்.

"அம்மா, அம்மா."

பிள்ளை அழவில்லை. கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தாள், காத்திருந்துவிட்டு எச்சிலை விழுங்கினாள். நிலைக்குப் பக்கத்தில், தரையில், யாரோ வைத்துவிட்டுப் போன தட்டு ஒன்றில் புதுப் புடவை மடிக்கிற சத்தம் கேட்டது.

முதலில் பார்த்தது பொன்னுத்தாய். "இந்தா, இங்க பாருங்க" என்றாள் மெதுவாக, கோழி அடைகாக்கிற இடத்தில் பேசுவதைப் போல. "புள்ள பக்கம் இருக்குறதைப் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். அதுவரை அந்த ஊர் பார்த்திராத நாற்று, கட்டைவிரல் கனத்தில், கறுப்பும் ஊதாவுமாக, பிள்ளையின் முட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றது. தூக்கிய தட்டுகளைத் திரும்பவும் இறக்கி, சத்தமில்லாமல், கட்டில் பக்கத்திலிருந்து வாசல் பக்கத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தத் தொடங்கினார்கள். வீரக்காள் பேத்தி நின்று கால்வலிக்குமே என்று ஒரு மணையைக் கொண்டுவந்து போட்டாள்.

அழகுநாச்சி அப்போதுதான் திரும்பினாள். திரும்பிப் பார்த்தவள் கட்டிலிலிருந்து எழுந்து, காலில் தட்டுப்பட்ட தட்டுகளை இடறிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பிள்ளையை நோக்கி ஓடி வந்தாள். பொன்னுத்தாயும் இன்னொருத்தியும் அவளை நடுவில் பிடித்துக்கொண்டார்கள். முரட்டுத்தனமாக இல்லை, தண்டில் கைபடாமல் இலையைப் பிடித்து நாற்றைத் தூக்குகிற மாதிரி, விரல்நுனிகளை மட்டும் பிடித்து நிறுத்தினார்கள்.

"இருத்தா, இப்பப் போயித் தொட்டுறாத" என்றாள் பொன்னுத்தாய். "இன்னும் ரெண்டு தட்டு கெடக்கு."